முதன்மைக் கேட்பவர்

அந்த ஹோம் தியேட்டர் ரிசீவரை வாங்கிய அன்றைக்கே கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எல்லா வம்பும் அந்தப் படிவத்தில்தான் ஆரம்பம். நாமும் எத்தனையோ படிவங்களை நிரப்பித் தள்ளியிருக்கிறோம். ஒன்றையாவது யாராவது எடுத்துப் படித்ததாகச் சரித்திரம் உண்டா? இதைப் படித்துவிட்டார்கள். அதுதான் கோளாறு.

நிரப்பியவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தெருவில் எல்லோருக்கும் கண்ணாடிக்காரர். முப்பது வருடமாக மனிதர்களை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, கண்ணுக்கு முன்னால் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டே பிழைத்தவர். அவர் மனைவிக்கு இடது காது மந்தம். டிவியில் யார் என்ன பேசினாலும், அது அவளுக்கு எட்டுவதற்கு முன்னால் மாடிவீட்டுக்காரருக்கு எட்டிவிடும். மாடிவீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தரையை இடிப்பார். இவர் சத்தத்தைக் குறைப்பார். அவள் கூட்டுவாள். மறுபடியும் இடி விழும்.

வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள் போனில் தீர்ப்புச் சொன்னாள். "அப்பா, பேசாம ஒரு ஹோம் தியேட்டர் வாங்கிடுங்க. பேச்சு மட்டும் தனியா ஒரு ஸ்பீக்கர்ல வரும். அம்மாவுக்கு நல்லா கேக்கும். மாடில இருக்கறவரும் நிம்மதியா தூங்குவாரு."

கடையில் விற்பனைக்காரன் இருவரையும் சோபாவில் உட்கார வைத்தான். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற ஆள்.

"அஞ்சு புள்ளி ஒண்ணு இருக்கு சார். ஏழு புள்ளி ஒண்ணு இருக்கு. ஒம்போது புள்ளி ரெண்டு இருக்கு."

"புள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கறது என்னப்பா?"

"அது அதிர்ற ஸ்பீக்கர் சார். இந்தப் பக்கம் இருக்கறது கேக்கறது. உங்க ஹால் எவ்வளவு?"

"பன்னெண்டுக்குப் பத்து."

விற்பனைக்காரன் முகத்தில் சிரிப்பு ஒரு நொடி அணைந்தது. துக்கம் விசாரிப்பவன் போலத் தலையாட்டினான். "பரவால்ல சார். கூட ரெண்டு ஸ்பீக்கர் போட்டா அதுவே பெருசாயிடும். கொஞ்சம் மேல போனீங்கன்னா, கூரைலேருந்தும் சத்தம் வரும்."

"கூரைலேருந்து ஏற்கெனவே வருது," என்றாள் கண்ணாடிக்காரர் மனைவி.

பிறகு இரண்டு ரிசீவர்களில் ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டான். கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தன. முப்பது வருடமாகத் தன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் எதற்காக "ரெண்டாவது" என்று முனகினார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "ரெண்டாவது," என்று அவரும் முனகினார். அது விலை அதிகமானது.

அதன்பிறகு படிவம் வந்தது. அதில் "முதன்மைக் கேட்பவர்" என்று ஒரு கட்டம். அதற்குக் கீழே "உடன் கேட்பவர்கள்" என்று சின்னதாக இன்னொரு கட்டம்.

"ஒருத்தர் பேருதான் மேல எழுதணும் மேடம். சத்தம் ஒரு இடத்துலதான் முழுசா சேரும். அந்த இடத்துல உக்காரப்போறவங்க யாரோ, அவங்க பேரு."

"நீங்க எழுதிக்கறீங்களா?" என்று அவள் கணவரைக் கேட்டாள்.

"உனக்குத்தானே வாங்கறோம். எனக்கென்ன, ரெண்டு காதும் கிண்ணுன்னு கேக்குது. நீயே எழுது."

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். அதோடு ஆயிற்று.

மறுநாள் மைக்கும் கையுமாக ஒரு பொறியாளன் வந்து ஏழு ஸ்பீக்கர்களையும் சுவரெங்கும் மாட்டினான். மைக்கை முதன்மைக் கேட்பவரின் நாற்காலியில், தலை வருகிற உயரத்தில் நிறுத்த வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் வெளியே போய்விட வேண்டும். ரிசீவர் விதவிதமாகக் கீச்சிட்டு, கிர்ரென்று உறுமி, அந்த இடத்துக்கு ஏற்றபடி தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதுதான் முறை. ஆனால் கண்ணாடிக்காரர் மனைவி எழுந்திருக்க மறுத்துவிட்டாள்.

"நான் எந்திரிச்சுப் போயிட்டா அது யாரை அளக்கும்? காலி நாற்காலியவா?"

"மேடம், ஆள் இருந்தா கணக்கு மாறிடும்."

"ஆள் இருக்கத்தானே போறேன்? மாறினபடியே இருக்கட்டும்."

பொறியாளன் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தான். அவள் மைக்கைத் தானே வாங்கிக் காதோரம் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தாள். ரிசீவர் அவளையும் சேர்த்து அளந்துகொண்டது. அவன் காகிதத்தில் எதையோ கிறுக்கிவிட்டு, ஆளை விட்டால் போதும் என்று போய்ச்சேர்ந்தான்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் கேட்டது. கதவோர நாற்காலியில் உட்கார்ந்த கண்ணாடிக்காரருக்குத்தான் பேச்சு மட்டும் கேட்கவில்லை. மழை கேட்டது. காலடி கேட்டது. கதவு திறக்கும், குதிரை ஓடும், தட்டு உடையும். மனிதர்கள் வாயைத் திறந்தால் மட்டும் தலையணைக்கு அடியிலிருந்து முனகுவது போல இருந்தது. அடுத்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டவன் நிலைமை. குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "என்ன சொன்னான்?" என்று கேட்பார். அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வாள்.

"மன்னிச்சிடுங்கறான். மன்னிக்கக் கூடாது."

அவர்கள் நான்கைந்து முறை பார்த்த ஒரு படம் உண்டு. அதில் கப்பல் ஏறப்போகும் ஒருவன் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் விடாமல் பேசுவான். முதல் முறை பார்த்தபோது கண்ணாடிக்காரர் கேட்டார், "என்ன சொல்றான்?"

"வரேங்கறான்."

"இதையா நாலு நிமிஷமா சொல்றான்?"

"வரமாட்டான். அதான் இவ்வளவு நேரம்."

ஆறு வருடம் இப்படியே போயிற்று. மாடிவீட்டுக்காரரும் துடைப்பத்தைக் கூட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தினார்.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அவள் குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. கண்ணாடிக்காரருக்கு அழுகை வரவில்லை. இதோ வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று அவரும் காத்துப் பார்த்தார். பஸ்ஸுக்குக் காத்திருந்து சலித்துப்போனவர் போல, பிறகு அதைப் பற்றி யோசிப்பதையே விட்டுவிட்டார். மகள் பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அவர் கடையைத் திறந்தார். "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கதவோர நாற்காலியில் உட்கார்ந்து, மழையையும் காலடியையும் கேட்டார். அவளுடைய நாற்காலியில் அவள் சால்வை மடித்தபடி கிடந்தது. அதில் அவர் உட்காரவில்லை. பால்காரர் பில் கொடுக்க வந்து அதில் உட்காரப் போனபோது, "அங்க வேண்டாம்," என்று பதறி எழுந்தார்.

ஒரு சாயங்காலம் திரை கறுத்து, நடுவில் எழுத்துகள் வந்தன. "ஆண்டு உறுதிப்பாடு. முதன்மைக் கேட்பவர் இருக்கிறாரா? ஆம். இல்லை."

வருடா வருடம் வரும் கேள்விதான். அவள் பாட்டுக்கு ரிமோட்டில் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுக் கதையைத் தொடர்வாள். கண்ணாடிக்காரர் கொஞ்ச நேரம் அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நேர்மையான மனிதர். "இல்லை" என்பதை அமுக்கினார்.

மழையும் நின்றது. காலடியும் நின்றது. ரிசீவரின் நெற்றியில் இருந்த நீலக் கண்ணாடியில் ஒரு வரி ஓடத் தொடங்கியது. "முதன்மைக் கேட்பவருக்காகக் காத்திருக்கிறது. முதன்மைக் கேட்பவருக்காகக் காத்திருக்கிறது." அணைத்துப் போட்டாலும் அதே வரி. மூன்று நாள் அது காத்திருந்தது. நான்காம் நாள் அவர் கடையைப் பூட்டிவிட்டு, நிறுவனத்தின் கேட்போர் நல மையத்துக்குப் போனார்.

மையத்தின் பெரிய கூடத்தில் நிறுவனத்தின் பெருமைக்குரிய ஸ்பீக்கர்கள் இருபத்திரண்டு. டோக்கன் எண்ணை அதில்தான் அறிவிப்பார்கள். "நாற்பத்தொன்று" என்று ஒரு குரல் பின்னால் இடது பக்கத்திலிருந்து தேனாக வந்தது. நாற்பத்தொன்று அந்தப் பக்கம் ஓடினார். அங்கே இருந்தது கழிப்பறை. போய்விட்டு, வந்ததற்குக் கையைக் கழுவிக்கொண்டு திரும்பினார். "நாற்பத்திரண்டு" கூரையிலிருந்து இறங்கியது. நாற்பத்திரண்டாம் எண்காரர் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்.

கண்ணாடிக்காரருக்குப் பக்கத்தில் முப்பத்தெட்டு உட்கார்ந்திருந்தார். "குரல் வர்ற பக்கம் போகாதீங்க சார்," என்றார் அனுபவஸ்தராக. "கவுண்ட்டர் முன்னாடிதான் இருக்கு."

"அப்ப நீங்க முன்னாடி போக வேண்டியதுதானே?"

"போனேன். 'குரல் அங்கேருந்து வருது, நீங்க ஏன் இங்க வர்றீங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது திங்கக்கிழமை."

கண்ணாடிக்காரர் எப்படியோ கவுண்ட்டரை அடைந்து, இறப்புச் சான்றிதழை எடுத்து அதிகாரி அம்மாள் முன்னால் வைத்தார். "என் மனைவிதாங்க முதன்மைக் கேட்பவர். அவங்க இறந்துட்டாங்க."

அந்த நிமிடமே அதிகாரி அம்மாள் எழுந்து நின்றார். அவர் பக்கத்தில் இருந்தவர்களும் எழுந்தார்கள். கூடம் முழுக்க எழுந்து நின்றது. ஒரு இருமல் இல்லை, ஒரு நாற்காலி கிறீச்சிடவில்லை. கண்ணாடிக்காரரும் கைகட்டி நின்றார். மகள்கூட இப்படி நிற்கவில்லையே, இவர்கள் யார் எவரோ என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்.

ஒரு பீப் ஒலித்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"தினமும் பதினோரு மணிக்கு ஹாலை அளப்போம் சார். சத்தம் இருக்கக் கூடாது," என்றபடி அதிகாரி அம்மாள் சான்றிதழைப் புரட்டினார். "சரி, இதுல இவங்க இறந்துட்டதா போட்டிருக்கு."

"ஆமாங்க."

"கேக்கறத நிறுத்திட்டதா போடலயே?"

கண்ணாடிக்காரர் சான்றிதழைத் திருப்பி மறுபக்கம் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். எங்க விதில இறப்புங்கற வார்த்தையே இல்ல. 'கேட்பதை நிறுத்திவிட்டார்'னு காது டாக்டர் ஒருத்தர் எழுதித் தரணும். நீங்க மட்டும் அன்னிக்கு 'ஆம்'னு அமுக்கியிருந்தா இந்தத் தலைவலியே இல்ல. எல்லாரும் அப்படித்தான் அமுக்கறாங்க. நீங்க உண்மையச் சொல்லி, உங்களுக்கும் அலைச்சல், எங்களுக்கும் வேலை."

"இப்ப வேணா ஆம்னு அமுக்கிடட்டுமா?"

"இப்ப அது கோப்பாயிடுச்சு சார்."

காது டாக்டரிடம் போனார். ஆளைப் பார்க்காமல் எழுத முடியாது என்று டாக்டர் கையை விரித்தார். வந்ததற்குக் கண்ணாடிக்காரரின் காதைப் பார்த்து, இரண்டும் பிரமாதம் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றிதழை மையம் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டது. உடன் கேட்பவருக்குக் கேட்கிறது என்பதால் முதன்மைக் கேட்பவருக்குக் கேட்கவில்லை என்று ஆகாது என்று ஒரு குறிப்பெழுதி, கோப்பை மையத் தலைவருக்கு அனுப்பிவைத்தது.

தலைவரின் அறைச் சுவர்கள் முழுக்கப் பஞ்சு மெத்தை. வாயை விட்டு வந்த சொல் மேசையைத் தாண்டுவதற்குள் உயிரை விட்டுவிடும். அதனால் தலைவர் எதிரில் இருப்பவரோடு மைக்கில் பேசுவார். எதிரில் இருப்பவருக்கு மைக் கிடையாது.

"உக்காருங்க, உக்காருங்க. பதினோரு வருஷமா இந்த மையத்துக்கு ஒரு புகார்கூட வந்ததில்ல, தெரியுமா உங்களுக்கு? எப்படின்னு கேளுங்க. நீங்க கேக்க வேண்டாம், நானே சொல்றேன். புகார் குடுக்கற உரிமை முதன்மைக் கேட்பவருக்கு மட்டும்தான். அவருக்கு எல்லாமே நல்லா கேக்கும். நல்லா கேக்கறவர் எதுக்குங்க புகார் குடுக்கப் போறார்? கேக்காதவங்க குடுப்பாங்க. ஆனா அவங்களால குடுக்க முடியாது. இப்படி ஓட்டையே இல்லாத ஒரு அமைப்பை உண்டாக்க எங்களுக்கு மூணு வருஷம் ஆச்சு. மனுஷனோட குரலுக்கு மதிப்புக் குடுக்கற நிறுவனம்யா இது! உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் சொன்னார். தலைவர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்ன?" என்றார். கண்ணாடிக்காரர் எழுந்து, மேசையின் மேல் கவிழ்ந்து, மைக்குக்கு அருகில் வாயை வைத்துச் சொன்னார்.

"பேச்சு கேக்கணும் சார்."

"யார் பேச்சு?"

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார், மறுபடியும் மைக்குக்குக் குனிந்தார். "அதுல வர்றவங்க பேச்சு," என்றார்.

தலைவர் கோப்பில் எழுதினார். வீட்டுக்கு ஆள் அனுப்பி, முதன்மைக் கேட்பவர் இருக்கிறாரா இல்லையா என்று நேரில் பார்த்து அறிக்கை தருக.

வந்தது அதே பொறியாளன். ஆறு வருடத்தில் முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. நாற்காலியைப் பார்த்தான், சால்வையைப் பார்த்தான். "அந்தம்மா... எந்திரிக்க மாட்டேன்னு மைக்கைப் பிடுங்கிக்கிட்டாங்களே, அவங்களா சார்?"

"அவங்கதான்."

பொறியாளன் பையை இறக்கி வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஒயர் ஒன்றைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடியும் சுருட்டினான். பிறகு படிவத்தை நீட்டினான். அதில் இரண்டே கட்டங்கள். "இருக்கிறார்." "இல்லை."

"இல்லைன்னு போட்டா, பழைய அளவை அழிச்சிட்டு உங்க நாற்காலிக்குப் புதுசா அளந்து குடுத்துடுவேன் சார். அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் உங்களுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேக்கும்."

"பழைய அளவுன்னா?"

"அவங்க உக்காந்திருந்தப்ப எடுத்தது. அவங்க காது உயரம், தூரம், அந்த நாற்காலில ஒரு ஆள் இருந்தா சத்தம் எவ்வளவு குறையும்... எல்லாம் இதுக்குள்ள இருக்கு. இதோ பாருங்க."

ரிசீவரின் நீலக் கண்ணாடியில் எண்கள் நகர்ந்தன. தரையிலிருந்து தொண்ணூற்றெட்டு சென்டிமீட்டர். நடு ஸ்பீக்கரிலிருந்து இரண்டே முக்கால் மீட்டர். கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார். அவளைப் பற்றி வீட்டில் எத்தனையோ காகிதங்கள் இருந்தன. இவ்வளவு சரியாக அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்கிற காகிதம் ஒன்றுகூட இல்லை.

"அழிச்சிடட்டுமா சார்?"

"வேண்டாம்."

"அழிக்கலேன்னா உங்களுக்குக் கேக்காது."

"கேக்காட்டி போகுது. இத அழிக்காதப்பா." குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவருக்கே ஆச்சரியம்.

பொறியாளன் பேனாவின் பின்பக்கத்தால் மண்டையைச் சொறிந்தான். "அப்ப இன்னொரு வழிதான் இருக்கு. நான் இங்க இருக்கும்போதே 'ஆம்'னு அமுக்கணும். கோப்பை மூடிடலாம். ஆனா..." அவன் நாற்காலியைக் காட்டினான். "அதுல உக்காந்து அமுக்கினாத்தான் ஏத்துக்கும்."

"அன்னிக்கு இல்லைன்னு கதவோர நாற்காலிலேருந்துதானே அமுக்கினேன்?"

"இல்லைன்னு எங்கேருந்து வேணாலும் சொல்லலாம் சார். ஆம்னு சொல்றதுக்குத்தான் அந்த இடம் வேணும்."

கண்ணாடிக்காரர் நாற்காலியின் முன்னால் வெகுநேரம் நின்றார். பொறியாளன் அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்தான். அவர் சால்வையை எடுத்தார். உட்கார்ந்தார். சால்வையை மடியில் வைத்துக்கொண்டார். முதன்மைக் கேட்பவர் இருக்கிறாரா என்று திரை கேட்டது.

"ஆம்" என்று அமுக்கினார்.

பொறியாளன் அறிக்கை எழுதினான். "முதன்மைக் கேட்பவர் வீட்டில் இருந்தார். பழுது ஏதும் இல்லை." கீழே கண்ணாடிக்காரரின் கையெழுத்தை வாங்கிக்கொண்டான். அதை மையம் ஏற்றது. அடுத்த வாரம் அவர் மனைவியின் பெயருக்கு ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. ஆறு வருடம் ஒரே இடத்தில் இருந்து கேட்டவர்களில் அவரும் ஒருவர் என்றும், தொடர்ந்து கேட்குமாறும் தலைவர் கையெழுத்திட்டிருந்தார்.

கடிதம் வந்த அன்று சாயங்காலம் கண்ணாடிக்காரர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்தக் கப்பல் படத்தைப் போட்டார். பேச்சு கேட்டது. ஒவ்வொரு சொல்லும், மூச்சு வாங்குவதுகூட, நேராக முகத்துக்கு வந்தது. இத்தனை பேசுகிறார்களா இவர்கள் என்றிருந்தது. துறைமுகக் காட்சி வந்தது. அவன் மனைவியின் கையைப் பிடித்தான். பேச ஆரம்பித்தான். வேலை நிலவரம் சொன்னான், பருவமழை முடிகிற மாதம் சொன்னான், திரும்பும் கப்பலின் பெயர் சொன்னான், வீட்டுக் கூரையை எப்போது மாற்றலாம் என்று சொன்னான். நான்கு நிமிடமும் கண்ணாடிக்காரர் ஒன்று விடாமல் கேட்டார். அவள் சொன்னதற்கு மேல் அதில் ஒன்றுமே இல்லை.

அவர் கதவோரத்துக் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினார்.

"வரேங்கறான்," என்றார்.

அந்த நாற்காலி, இதையா நாலு நிமிஷமா சொல்றான் என்று கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"வரமாட்டான்," என்றார்.

நான்கு மாதமாக வராதது அப்போது வந்தது. சால்வையை வாயில் வைத்து அமுக்கினார், அடங்கவில்லை. ஐம்பத்தெட்டு வயது மனிதர், வாய்விட்டு, பெருங்குரலெடுத்து அழுதார். அறையில் இருந்த ஏழு ஸ்பீக்கர்களையும் மீறி அது ஒலித்தது.

ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக, மாடிவீட்டுக்காரர் துடைப்பக்கட்டையால் தரையை இரண்டு தரம் இடித்தார்.